அரிசி அளவு திசு

மலப் பரிசோதனையின் முடிவைத் தாத்தா மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் இரத்தம் கலந்திருப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது. “மருத்துவமனைக்குப் போனால் குடலுக்குள் குழாயை விட்டுச் சதையை எடுப்பார்கள். சதையை எடுத்தாலே அது புற்றுநோய்தான்” என்பது அவருடைய எண்ணம். இரண்டு மாதங்கள் கழித்து, உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி அக்கடிதத்தைத் தற்செயலாகக் கண்டபோதுதான் வீட்டிலுள்ளவர்களுக்கு விவரம் தெரிந்தது.

இப்படி அஞ்சுவோர் பலர். ஆனால், மலத்தில் இரத்தம் கலப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. மூலம், குடல் புண், குடல் அழற்சி, ‘பாலிப்’ எனப்படும் சிறு சதை வளர்ச்சி, புற்றுநோய் ஆகியவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம். மலப் பரிசோதனை இரத்தம் இருப்பதை மட்டுமே காட்டும். அது எதனால் வந்தது என்று சொல்லாது.

அதனை அறிய மருத்துவர் பெருங்குடலின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும். பெருங்குடல் ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளமுடையது. நோயாளி முதலில் பேதி மருந்தைக் குடித்துக் குடலைச் சுத்தம் செய்துகொள்கிறார். பிறகு, நுனியில் கேமராவும் விளக்கும் பொருத்தப்பட்ட, வளையக்கூடிய மெல்லிய குழாய் ஆசனவாய் வழியாகச் செலுத்தப்படுகிறது. ஐயத்திற்குரிய இடம் தென்பட்டால், குழாயினுள் செல்லும் சிறிய இடுக்கியால் அரிசியைப் போன்ற சிறு துண்டுத் திசுவை மருத்துவர் எடுக்கிறார். இதுவே ‘பயாப்ஸி’ எனப்படும் திசுப் பரிசோதனையின் முதல் படி. குடலின் உட்சுவரில் திசு எடுக்கப்படும்போது பொதுவாக வலி தெரிவதில்லை.

கேமரா படம் காட்டும்போது திசுவை ஏன் எடுக்க வேண்டும்? கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வளர்ச்சிகளுள் ஒன்று தீங்கற்றதாகவும் மற்றொன்று புற்றுநோயாகவும் இருக்கலாம். நீண்ட நாள் வயிற்றுப்போக்கால் அவதிப்படும் சிலருக்குக் குடற்சுவர் நலமாகவே தோன்றும். ஆனால், நுண்ணோக்கியில் அழற்சி தெரியும். உண்மையான வேறுபாடு உயிரணுக்களில்தான் இருக்கிறது.

எடுக்கப்பட்ட திசு கெட்டுப்போகாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் இடப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் அதனை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு தடிமனுள்ள சீவல்களாக வெட்டுகிறார்கள். அவை தலைமுடியைவிட மிக மெல்லியவை. அவற்றுக்குச் சாயமேற்றியதும் உயிரணுக்களின் உட்கருக்கள் நீலநிறமாகவும் மற்றப் பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரிகின்றன. நோயியல் வல்லுநர் உயிரணுக்களின் வடிவத்தையும் அவை அமைந்திருக்கும் ஒழுங்கையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்.

பேத்தியின் வற்புறுத்தலால் தாத்தா பரிசோதனைக்குச் சென்றார். அவருடைய பெருங்குடலில் ஒரு பாலிப் இருந்தது. மருத்துவர் அதனை அப்போதே முழுமையாக அகற்றி, ஆய்வுக்கு அனுப்பினார். சில நாள்களில் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. ஆயினும், அது ‘அடினோமா’ என்னும் வகையைச் சேர்ந்தது. இவ்வகைப் பாலிப்புகளுள் சில, பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறக்கூடியவை. அகற்றப்பட்ட பாலிப் இனி அப்படி மாற வழியில்லை. இருப்பினும், புதியவை தோன்றக்கூடும் என்பதால் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும்படி மருத்துவர் கூறினார்.

சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். இம்முறை கடிதம் இழுப்பறைக்குள் போகவில்லை. மறுநாள் காலை உணவங்காடி நிலையத்தில் நண்பர்களோடு காப்பி குடிக்கும்போது, தாத்தா அதனை மேசைமேல் விரித்து வைத்தார். “நீங்களெல்லாம் பரிசோதனை செய்துகொண்டீர்களா?” என்று கேட்டார்.