கண்ணாடி போட்டவன் பைலட் ஆகலாமா?

மதுரையில் பெருங்குடிப் பக்கம் ரிங் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்து விமானம் இறங்குவதைக் காட்டும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2020-இல் ‘சூரரைப் போற்று’ படம் வந்தபின் அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. கூடவே ஒரு தப்பான எண்ணமும்: விமானப்படைக்குப் போனால்தான் பைலட் ஆக முடியுமாம். அந்தப் படத்தின் நாயகன் சோழவந்தான் மாறன் விமானப்படைக்காரர், அது படத்தில்தான். பயணிகள் விமானம் ஓட்டுவதற்கு வேண்டியது வணிக விமானி உரிமம். அதற்குப் படையில் சேரவேண்டிய அவசியமே இல்லை.

“ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் சேர்த்துவிட்டோம், பைலட் ஆயிருவான்.” கவுன்சலிங் சமயத்தில் இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும். அது விமானத்தை வடிவமைக்கிற படிப்பு. நான்கு வருடம் முடித்தாலும் ஓட்டுகிற உரிமம் வராது. உரிமம் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. அது கேட்பது 18 வயது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம், 200 மணி நேரம் பறந்த கணக்கு. அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் படித்த பிள்ளைகளும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறிக்கொள்ளலாம்.

“நம்ம பிள்ளை தமிழ் மீடியம், இங்கிலீஷ் சரளமா வராதே.” என்னை அதிகம் வருத்துவது இதுதான். சர்வதேச சிவில் விமான அமைப்பு ஆங்கிலத் திறனை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. நான்காம் படி போதும். அந்தப் படியில் தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கேட்பவருக்குப் புரிந்தால் சரி. விமானி வானொலியில் பேசும்போது 3 என்ற எண்ணை ‘ட்ரீ’ என்றும், 5-ஐ ‘ஃபைஃப்’ என்றும், 9-ஐ ‘நைனர்’ என்றும் சொல்லவேண்டும். ஆமாம், ‘த்ரீ’ இல்லை, ‘ட்ரீ’. இரைச்சலிலும் எந்த நாட்டுக்காரர் காதிலும் குழம்பாமல் விழவேண்டும் என்பதற்காக வகுத்த முறை. வகுப்பில் ‘ட்ரீ’ என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளான உசிலம்பட்டிப் பையன், விமானி இருக்கையில் சரியாகத்தான் சொல்கிறான். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் உத்தரவை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லத் தெரியணும். மேடைப் பேச்சு ஆங்கிலம் அங்கே யாருக்கும் தேவையில்லை.

“லைசென்ஸ் வந்துட்டா வேலை ரெடி” என்பதை நம்பி நஞ்சையை விற்றுவிடாதீர்கள். பயிற்சிச் செலவே ஏறக்குறைய அரைக் கோடி ஆகிவிடும். ஏர்பஸ் போன்ற பெரிய விமானத்தை ஓட்ட அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி, அதற்குத் தனிக் கட்டணம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றபோது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி நின்றார்கள். 200 மணி நேரக்காரர் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். செலவுக்குக் கைகொடுக்க ஒரு வழியும் இருக்கிறது: பட்டியல் இன மாணவர்களுக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகையில் விமானி உரிமப் படிப்பும் உண்டு. ஊர்ப்பக்கம் இது பலருக்குத் தெரிவதே இல்லை.

கண்ணாடிக்கு வருவோம். போட்டிருக்கலாம். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்குத் திருந்தினால் போதும். வழியை அடைப்பது நிறக்குறைபாடு. சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாத குறை ஆண்களிடம்தான் அதிகம். அன்றாட வாழ்க்கையில் இடைஞ்சல் தராததால் பலருக்கு இருபது வயதுவரை தெரிவதேயில்லை. கண் மருத்துவரிடம் ஒரு சிறு புத்தகம் இருக்கும். பக்கம் பக்கமாக வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் மறைந்திருக்கும். படித்துச் சொல்லச் சில நிமிடம் போதும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுமுன் பிள்ளையை அந்தப் புத்தகத்தின் முன்னால் உட்கார வையுங்கள். பிறகு டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, அடுத்து முதல் வகுப்பு. இரண்டு சான்றிதழும் கைக்கு வந்தபின் நிலப் பத்திரத்தை வெளியே எடுக்கலாம்.