மெய்ந்நிகர் காட்சியும் நிலைகாத்தற் பயிற்சியும்

மாமல்லபுரம் செல்வார் அங்குள்ள வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கண்டு வியவாது மீள்வதில்லை. சரிவான பாறைமீது பெருங்கல்லொன்று பன்னெடுங்காலமாக உருளாது நிற்கின்றது. ஆயின், அதனினும் வியத்தற்குரியது அதன்முன் நின்று அண்ணாந்து நோக்கும் மனிதனது நிலையேயாம். கல் அசைவதில்லை, மனிதனோ கணந்தோறும் சிறிது சாய்ந்து, அச்சாய்வைத் தன்னையறியாமலே திருத்திக்கொண்டு நிற்கின்றான். அத்திருத்தம் கெட்டவிடத்து நேர்வது யாது, அதனை மீட்டற்கு இந்நாளில் எழுந்துள்ள ஒரு முறை யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உடலின் நிலையைக் காப்பன மூன்று. கண் சூழ்ந்துள்ள பொருள்களைக் காட்டுகின்றது. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை அறிவிக்கின்றன. தசை, மூட்டு, உள்ளங்கால் ஆகியவற்றின் உணர்ச்சி உறுப்புக்கள் இருக்குமாற்றை உணர்த்துகின்றது. மூளை இம்மூவகைச் செய்திகளையும் ஒப்புநோக்கித் தசைகட்கு ஆணையிடுகின்றது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டேனும் வெடித்தேனும் பக்கவாதம் உண்டாங்கால் இவ்வேற்பாடு குலைகின்றது. நோயாளர் பலர் நல்ல காலின்மீதே உடற்பாரத்தைச் சார்த்தி நிற்பர். கண்ணையே பெரிதும் நம்புதலின் இருளிற் தடுமாறுவர். ஒருமுறை விழுந்தாரை அச்சம் பற்றுகின்றது. அச்சத்தால் நடவாதிருப்பர், நடவாமையால் தசை மெலியும், மெலிவால் மீண்டும் விழுவர். இவ்வச்சச் சுழலை அறுப்பதே மருத்துவர்க்குப் பெரும்பணியாகும்.

அறுக்கும் வழி இடைவிடாப் பயிற்சி. அலங்கார வாசலண்டை கிடந்தவன் நொடிப்பொழுதிற் குதித்தெழுந்தான் என வேதம் கூறும். இந்நோயாளரோ ஒரே செயலைப் பன்முறை முயன்று எழவேண்டியவர். அம்முயற்சி சலிப்பையும் அச்சத்தையும் தருதலின், இடையே விட்டொழிப்பாரும் உளர்.

இவ்விடத்தே துணையாவதுதான் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ எனப்படும் மெய்ந்நிகர் காட்சி. கணிப்பொறியாற் படைக்கப்பட்ட இடத்தை உண்மையிடம்போற் காணச்செய்வது இது. தலையில் அணிந்து காணும் இத்தகைய கருவியொன்றை ஐவன் சதர்லண்டு என்பார் 1968-ல் அமைத்துக் காட்டினார். திரையை எதிரே வைத்து, எடையை உணரும் பலகைமீது நிற்கச்செய்தல் பிறிதொரு வகை. நிண்டெண்டோ நிறுவனத்தார் 2007-ல் வீட்டு விளையாட்டிற்கென வெளியிட்ட பலகையை மருத்துவரும் மேற்கொண்டனர். நோயாளர் ஒருபுறம் சாய, திரையிலுள்ள உருவமும் சாய்கின்றது. மரத்த கால் சொல்லாததைக் கண் காண்கின்றது. இடுப்பில் வாரும் அருகில் பயிற்றுநரும் இருத்தலின், தவறினும் அடிபடுவதற்கு இடம் மிகக் குறைவு. பயன் விளைந்ததா என்பதை ‘பெர்க்’ அளவையால் அறியலாம். அது எழுதல், நிற்றல், திரும்புதல் முதலிய 14 செயல்களை ஆராய்ந்து 56 வரை மதிப்பெண் இடுவது.

இம்முறையைப் புகழ்வார் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். காக்ரேன் குழுவினர் 2017-ல் 72 ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கியபோது, நிலைகாத்தலில் இது சிறந்ததென முடிவுகூறப் போதிய சான்று கிடைத்திலது. வழக்கமான பயிற்சியோடு கூட்டிப் பயிற்சி நேரத்தை மிகுவித்தவிடத்துக் கையின் செயலிற் பயன் காணப்பட்டது. ஆகவே, நோயாளரை மேலும் சிறிதுபொழுது பயிலச்செய்யும் துணை என்றே இதனைக் கொள்ளல் தகும்.

இனி, நம் நாட்டார்க்கு இதனை எங்ஙனம் பொருத்துவது? கேளம்பாக்கத்தை நோக்குக. அங்கே செட்டிநாடு மருத்துவமனை உளது. அணித்தாகிய சிறுசேரியில் கணிப்பொறித் தொழிற்பூங்கா உளது. கிழக்கே கோவளத்துப் பரதவர் குப்பமும் கடலும் உள. மேற்கூறிய பலகையோடு வந்த ஆட்டங்களுள் ஒன்று பனிமலையிற் சறுக்குவது. பனியையே காணாத கோவளத்து மீனவர் அதனாலும் ஓரளவு பயன்பெறலாம். ஆயினும், அவர் வெல்லவேண்டிய களங்கள் கால் புதையும் மணலும், பேருந்தின் உயர்ந்த படியும், மழைநாளில் வழுக்கும் முற்றமுமேயாம். அக்காட்சிகளைத் திரையிற் படைக்கவல்ல பொறியாளர் நெடுந்தொலைவில் இல்லை. மேலும், பக்கவாதம் சிலர்க்குச் சொல்லுணரும் ஆற்றலையும் குறைக்கும். அத்தகையார்க்குக் கருவியின் ஏவல் அயல்மொழியில் இருப்பின் அதனாற் பயன் யாது? ‘வலப்பக்கம் சாயுங்கள்’ என வீட்டு வழக்கிலேயே அது பேசல் வேண்டும். தமிழ் பயில்வார்க்கும் இப்பணியில் இடமுண்டென்று யாம் துணிவது இதனாலேயே.

இழந்தாரை அவரவர் வாழ்விற்கு மீட்பதே மருத்துவத்தின் முடிபு என்பது நம் நாடு முன்னரே கண்டது. மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ல் விபத்தினாற் கால்களின் இயக்கத்தை இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகட்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையமும் கண்டார். அவர் முன்வைத்த வினா, நோயாளர் வீடு திரும்பி எவ்வாறு வாழ்வர் என்பதே. புதுக்கருவி எதனையும் அவ்வினாக்கொண்டே நாம் அளத்தல் வேண்டும். திரையில் ஆயிரம் ஓடைகளைத் தாண்டியவர் தம் வீட்டு வாயிற்படியைத் துணையின்றித் தாண்டுவாராயின், அன்றே அக்கருவி தன் பணியைச் செய்ததாகும்.