படம் பார்த்தோர் வாய்மொழி

"படம் எப்படி?" என்னும் இரண்டு சொற்கள் நம் நாட்டில் நாள்தோறும் எத்துணை வாய்களினின்று பிறக்கின்றன என எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. அவ்வினாவுக்கு விடையாக எழும் பேச்சோ, கேட்ட அளவிலே காற்றோடு கலந்து மறைந்துவிடுகின்றது. இலக்கியம் கற்பார் அதனை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. நூலொன்றைப்பற்றி ஒருவர் நான்கு பக்கம் எழுதினால் அது திறனாய்வு எனப்படுகின்றது; திரைப்படத்தைப்பற்றித் தேநீர்க் கடையில் நான்கு பேர் உரையாடினால் அது வீண்பேச்சு எனப்படுகின்றது. இவ்வேற்றுமை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை, யான் பிறந்து வளர்ந்த கடற்கரைப் பகுதியை, அதாவது இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் ஈறாகவுள்ள பகுதியை, உதாரணமாகக் கொண்டு ஆராய விரும்புகின்றேன். பிற ஊரார் படத்தைக் குறித்து மட்டும் பேசினால் போதும். எம் பகுதியாரோ, பத்தாண்டுகளுக்கு மேலாகத் தம்மைக் குறித்தே எடுக்கப்பட்ட படங்களைப்பற்றிப் பேசவேண்டியவராய் இருக்கின்றனர்.

நம் முன்னோர் இதுபற்றிக் கருதியது யாது என்பதை முதற்கண் நோக்குவோம். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை எண்ணிச் சென்றார். ஆடுவோன் உற்ற உணர்ச்சி காண்போனைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் கருத்தைச் செயிற்றியனார் கூற்றாக உரையாசிரியர் காட்டுவர். எனவே, காண்போன் இன்றிச் சுவை இல்லை என்பது நம் நூலார்க்கு உடன்பாடே. ஆயினும், அக்காண்போன் எழுந்து வெளியே வந்து தன் நண்பனிடம் என்ன சொன்னான் என்பதை யான் இதுவரை கற்ற நூல்களில் காணவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியன் அமைதியும், அரங்கின் நீள அகலமும், மூவகை எழினியும் நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. மாதவி ஆடி முடித்தபின் வேந்தன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் தலைக்கோற் பட்டமும் நல்கினான் என்பதும் அறிவோம். ஆனால், புகார்ப் பட்டினத்துப் பரதவர் மறுநாள் வலை உலர்த்திக்கொண்டே அவ்வாடலைப்பற்றி என்ன பேசினர்? அடிகள் அதனைச் சொல்லாது விடுத்தார். வேந்தன் தீர்ப்பே தீர்ப்பாக நின்ற காலம் அது.

சினிமா வந்தபின் அந்நிலை மாறிற்று. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் 'காளிதாஸ்' என்னும் பேசும் படம் சென்னையில் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியாயிற்று. பின்பு முருகன் டாக்கீஸ் எனப் பெயர் பெற்ற கொட்டகை அதுவே. அன்று முதல், சீட்டு வாங்கியவன் எவனோ அவனே நீதிபதி. பத்திரிகைகளிலும் விமரிசனம் தோன்றாமலில்லை. 'ஆனந்த விகட'னில் 'ஆடல் பாடல்' பகுதியில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரோடு கல்கி எழுதியவற்றை நம் ஆசிரியர்கள் இன்றும் எடுத்துப் பேசுவர். ஆயினும், பத்திரிகை படியாதவர்களும் படம் பார்த்தார்கள், அவர்களே பெரும்பாலோர். 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது யாவரும் அறிந்தது. இதில் நினைக்கத்தக்கது வேறொன்று. படம் வெளியான சில வாரங்களுக்குள் அதன் நாயகர் தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் சிறைப்பட்டார். 1947-ஆம் ஆண்டிலேதான் விடுதலையானார். நாயகர் சிறையிலிருக்கப் படம் ஓடிற்றென்றால், பார்த்தவர் பாராதவரிடம் சொல்லிய சொல்லுக்கு அதில் பங்கில்லையென்று யார் சொல்லக் கூடும்?

இனி, அச்சொல்லின் இயல்பை ஆராய்வோம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து வெயில் ஏறும் வேளையிலே இப்படி ஓர் உரையாடலைக் கேட்கலாம்:

"இன்னாண்ணா, படம் எப்டி?"

"மொதப் பாதி ஷோக்கா கீது தம்பி. பின்பாதிதான் இழுவை."

இவ்விரண்டு வரிகளில் ஒரு விமரிசன நூலே அடங்கியிருக்கின்றது. 'இழுவை' என்னும் சொல்லை நோக்குக. வலையிழுப்பவன் வாயில் அச்சொல் பிறக்கும்போது, மீனில்லாத வலையின் பாரம் அதில் தெரிகின்றது. 'அறுவை' என்பது மற்றொரு சொல். 'மொக்கை' என்பது பிற்காலத்து வழக்கு. மொக்கை என்றால் கூர் மழுங்கியது. கூரிய கத்தியால் நொடியில் முடிய வேண்டிய காரியம், மழுங்கிய கத்தியால் அறுத்து அறுத்து நீள்கின்றது. ஆதலால் அறுவையும் மொக்கையும் ஒரு கத்தியின் இரண்டு நிலைகளே. மேனாட்டு விமரிசகர் ஒரு பத்தி எழுதி விளக்குவதை நம்மவர் ஒரு சொல்லில் அடக்கினர். தோல்வியுற்ற படம் 'பெட்டிக்குள் சுருண்டது' என்பதும் இத்தகையதே. படச்சுருள்கள் தகரப்பெட்டியில் வந்து பெட்டியில் திரும்பிய காலத்து வழக்கு அது. இன்று சுருளும் இல்லை, பெட்டியும் இல்லை. சொல் மட்டும் உளது.

'முதற்பாதி, பின்பாதி' என்னும் பகுப்பும் கருதத்தக்கது. இடைவேளை என்பது மேனாட்டுப் படங்களுக்கு இன்றியமையாததன்று. நமக்கோ அதுவே கதையின் முதுகெலும்பு. இடைவேளையில் முறுக்கும் தேநீரும் வாங்கிக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் முதல் தீர்ப்பு எழுதப்படுகின்றது. படம் முடிந்தபின் அது மேல்முறையீட்டுக்கு வருகின்றது. இவையன்றி, வாய் திறவாமலே கூறும் தீர்ப்பும் உண்டு. பாட்டு வந்தவுடன் எழுந்து வெளியே போகின்றவன் அப்பாட்டைப்பற்றித் தன் கருத்தைத் தெளிவாகவே தெரிவித்துவிட்டான்.

இவை பொதுவியல்பு. எம் பகுதியாரின் பேச்சுக்குச் சிறப்பியல்பு ஒன்றுண்டு, அஃதாவது பொருளறிவு. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் கொட்டகைக்கு வாராமல் அமேசான் பிரைம் வழியாக வீடுகளுக்கே வந்தது. நெருக்கடி நிலைக் காலத்து வட சென்னையில், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்னும் இரு பரம்பரையார் ஆங்கிலக் குத்துச்சண்டையில் மோதும் கதை அது. நகரின் பிற பகுதிகளில் அதனை ஒரு கதையாகப் பார்த்திருப்பர். இங்கோ, இளமையில் அத்தகைய பந்தயங்களை நேரிற் கண்ட முதியோர் பலர் இருந்தனர். அவர்கள் நாயகன் கபிலனை விடுத்து, 'டான்சிங் ரோஸ்' என்னும் பாத்திரத்தின் காலடிகளைப்பற்றியே பெரிதும் பேசினர். அத்தகைய ஆட்டம் கோதாவில் செல்லுமா, செல்லாதா என்பது பற்றி எங்கள் தெருவில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. கையை உயர்த்திக் காட்டி, தோளைச் சரித்து, வாதம் செய்தார்கள். மற்றொரு பக்கத்தில் கட்சிப்பேச்சு. அப்படம் எம்.ஜி.ஆர். குத்துச்சண்டைக்குச் செய்ததை மறைத்துவிட்டது என அ.தி.மு.க.வினர் குறை கூறியதும், அதற்குப் பிறர் விடையிறுத்ததும் நாளிதழ்களிலேயே வந்தன. கலையைப்பற்றிய பேச்சு கட்சிப் பேச்சாக மாறுவதைச் சிலர் இகழ்வர். ஒரு காலத்தைக் காட்ட முற்படும் படத்தை, அக்காலத்தை வாழ்ந்தவன் 'இப்படி இல்லை' என மறுப்பது இகழத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை.

வெற்றிமாறன் இயக்கத்தில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளியான 'வட சென்னை'யில் நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரன். அந்த ஆட்டமும் எம் பகுதிக்குப் புதியதன்று. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் பெற்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவரே. எனவே, ஸ்டிரைக்கரை நடிகர் எவ்வாறு பிடிக்கின்றார், காய் விழும் கோணம் ஒக்குமா என்பனவெல்லாம் இங்கே ஆராயப்பட்டன.

ஆயினும், அப்படத்தைக் குறித்து எழுந்த பேச்சில் பெரியது அதுவன்று. கடலிற் படகின்மேல் மணமக்கள் தனித்திருக்கும் காட்சியொன்று அதில் அமைந்திருந்தது. அது தம் மனத்தைப் புண்படுத்துவதாக மீனவர் முறையிட்டனர். இயக்குநர் வருத்தம் தெரிவித்து, அக்காட்சியை நீக்குவதற்கு உடன்பட்டார். படகு என்பது பாராதவர்க்கு மரப்பலகையும் இயந்திரமும். அதற்குப் பெயரிட்டு, முகப்பில் சிலுவையோ திருநீறோ தீட்டி, அதனை நம்பி இருட்டில் கடலேறுவோர்க்கு அது வேறு பொருள். இதனைத் திரைக்கதை எழுதியவர் அறியார். முன்வரிசையில் அமர்ந்திருந்தவர் அறிவார். அரங்கின் வாயிலில் முணுமுணுப்பாகத் தொடங்கிய கருத்து, படத்தையே மாற்றியமைத்தது என்பதே இங்கு நாம் கருதவேண்டுவது. இத்தகைய ஆற்றல் வாய்ந்த விமரிசனத்தை வீண்பேச்சு என்று எவ்வாறு கூறுவது?

எனினும், என் மனத்தில் ஓர் ஐயம் நிற்கின்றது. கத்திரிக்கோலால் நீக்கத்தக்க குறை ஒரு காட்சியளவே. நீக்க இயலாத குறை மற்றொன்று உண்டு. அதனையே எம் பகுதியார் இன்னும் மிகுதியாகப் பேசுகின்றனர். வட சென்னை என்றால் கத்தி, கஞ்சா, பழிக்குப் பழி, 'கீது, வூடு' என்னும் பேச்சு, இவையே என்னும் எண்ணம் திரையின் வழியாக நாடெங்கும் பரவியிருக்கின்றது. எங்கள் அண்டை வீட்டு அண்ணன் ஒருவர் பொறியியற் பட்டம் பெற்று ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குச் சென்றார். அவருடைய முகவரியைக் கண்டவுடன் அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே கேட்ட முதற்கேள்வி, "சினிமாவில் காட்டுவதுபோலத்தானா உங்கள் பேட்டை?" என்பது. அண்ணனும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

இதற்கு விடையாக இயக்குநர்கள் சொல்லக்கூடியதும் உண்டு. 'வட சென்னை'யில் வன்முறைக்கு அடியில் ஓடும் கதை, கடற்கரையோரத்து மக்களின் நிலத்தைச் சாலைக்கும் வளர்ச்சிக்கும் என்று பறிக்க முயல்வோரைப் பற்றியது. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெட்ராஸ்' படத்திலோ, வியாசர்பாடிக் குடியிருப்பின் சுவரொன்றே கதையை நடத்துகின்றது. அச்சுவரில் யார் படம் எழுதுவது என்பதற்காக உயிர்கள் போகின்றன. இவ்விரண்டும் ரௌடிகளைப் பற்றிய படங்கள் எனக் கூறுவோர் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் துணிபு. பேட்டையிலே இதனை நன்கு அறிந்து பேசுவோர் பலர் உளர். "நிலத்தைப் பார்க்க வந்தவன் கத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு போனான்" என ஐஸ் உடைக்கும் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். பழி படத்தின்மேலா, பார்த்தவன்மேலா என்பதை அவர் தீர்த்துச் சொல்லவில்லை. எனக்கும் தீர்க்கத் தெரியவில்லை.

எண்ணூர்ப் பக்கத்தார் பேச்சு மேலும் வேறானது. கழியில் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பெண்கள் படங்களைக் குறித்துச் சொல்வது ஒன்றே: தங்கள் ஊர் எந்தப் படத்திலும் வரவில்லை என்பது. சண்டைக்காட்சியின் பின்புறத்தில் புகைபோக்கி வரும்; அப்புகையை உண்பவர் வாரார். 2017-ஆம் ஆண்டு சனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தபோது, அதனை வாளிகளால் அள்ளினார்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழியிற் கலந்து, வலையும் படகும் கறுத்தன. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழியை மூடி வருவதும் பழங்கதை. இவற்றைக் காட்டி 2017-ஆம் ஆண்டில் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' ஒரு பாட்டளவிலே நின்றது. படம் பார்ப்போர் சொல்லும் குறைகளுள் 'இது சரியில்லை' என்பதற்குச் செவி கொடுப்பார் உளர். 'இது இல்லையே' என்பதற்குச் செவி கொடுப்பார் அரியர். திறனாய்வு நூல்களிலும் இரண்டாவது வகைக்கு இடம் குறைவு. ஆயினும், அதுவே கூரிய திறனாய்வு என்பேன்.

இப்பேச்சு நிகழும் இடங்களும் மாறிவருகின்றன. தண்டையார்பேட்டையில் 1967-ஆம் ஆண்டு முதல் ஆயிரம் பேர்க்குமேல் ஒருங்கிருந்து பார்த்த அகஸ்தியா கொட்டகை 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இராயபுரத்துப் பிரைட்டன் கொட்டகை உருமாறி, ஐட்ரீம் என்னும் பெயர் பூண்டது. ஆயிரம் பேர் ஒரே வேளையில் வாயிலில் வந்து விழும் காட்சி இனி இல்லை; ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேளையில் கைப்பேசியில் பார்க்கின்றனர்.

எண்ணூர் விரைவுச் சாலையிலே, துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர்கள் படம் பார்க்கும் விதம் எனக்கு வியப்பளிக்கின்றது. வரிசை நின்றால் படம் ஓடும். வரிசை நகர்ந்தால் படம் நிற்கும். ஒரு படம் முடிய இரண்டு நாள் செல்வதும் உண்டு. அவர்கள் கிளீனர் பையன்களோடு இறங்கித் தேநீர் குடிக்கையில், பாதிப் படத்துக்கே கருத்துச் சொல்லிவிடுகின்றனர். "முழுசா பாக்காம சொல்லாதண்ணா" எனப் பையன் தடுக்கின்றான். "மொதப் பாதி பாத்தா தெரியாதாடா?" என்கின்றார் ஓட்டுநர். அதற்குள் முன்னே நின்ற லாரி நகர்ந்துவிடுகின்றது.