தோழப்பர் இறங்கிய பள்ளம்

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலையும் தூத்துக்குடியையும் உள்ளிட்ட கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கொற்கைப் பாண்டியர் காலந்தொட்டுப் புகழ்பெற்ற அத்துறையில் 1961-ஆம் ஆண்டோடு பெருங்குளிப்பு நின்றுபோயிற்று. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றிப் பல பாகம் ஆழத்திற்கு இறங்குவார். ஒரு நிமிஷ அளவே மூச்சு நிற்கும். அதற்குள் சிப்பிகளை வாரிப் பையிலிட்டுக் கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அக்கயிற்றை எவர் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தானையே நிறுத்துவது வழக்கம் என்று இக்கரையில் சொல்லுவர். தங்கையின் தாலிக்கு அவனைவிடக் காவல் யார்? மேலே நிற்பவன் நம்மவன் என்னும் உறுதியே கீழே இறங்குபவனுக்குத் துணிவு.

இதே ஆற்றங்கரையில் பிறந்த ஸ்ரீவைஷ்ணவர் ஒருவரும் ஆழமொன்றில் இறங்கினார். அது கடலன்று, மலைப்பள்ளம். அவர் துணிவு மேலே நின்றவர்களால் வந்ததன்று. கீழே எழுந்தருளியிருந்தவரால் வந்தது.

1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை தெற்கே வந்தபோது நம்பெருமாள் திருவரங்கம் விட்டுப் புறப்பட்ட வரலாற்றை அன்பர்கள் அறிவர். முதுமைப் பருவத்திலும் உடன்சென்ற பிள்ளைலோகாசாரியர் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அக்கலக்கத்தில் திருக்குருகூரும் தப்பவில்லை. நம்மாழ்வாரும் தம் புளிய மரத்தடியை விட்டு மேற்கே மலைநாட்டுக்கு எழுந்தருள நேர்ந்தது. அங்கே நம்பெருமாளும் ஆழ்வாரும் சிலகாலம் ஓரிடத்திலேயே எழுந்தருளியிருந்தார்கள் என்று பெரியோர் கூறுவர். பின்னர் ஆழ்வாரைக் கொண்டுசென்றவர்கள், வழியில் கள்வருக்கு அஞ்சித் திருமேனியைப் பேழையில் வைத்துச் சங்கிலியால் ஒரு செங்குத்தான மலைப்பள்ளத்தில் இறக்கி மறைத்தார்கள்.

காலம் சென்றது. ஆழ்வாரை மீட்க அடியார்கள் புறப்பட்டார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் தோழப்பர். இடம் தெரியாமல் தவித்தபோது கருடப்பறவை வட்டமிட்டுக் காட்டிற்று என்பது ஐதிஹ்யம். இடம் தெரிந்தபின்னும் இறங்குவார் யார்? மேலிருந்து பார்ப்பதற்கே தலை சுற்றும் பள்ளம். தோழப்பர் முன்வந்தார். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்துக்கு உரிய மரியாதை செய்வதாக மற்றவர்கள் வாக்களித்தார்கள் என்பதிலிருந்தே, நேரப்போவது என்னவென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது விளங்குகிறது. சங்கிலியில் கட்டிய பலகையில் அவர் இறங்கினார். பேழையைக் கண்டார். பலகையில் ஏற்றினார். ஆழ்வார் மேலே எழுந்தருளினார். மறுபடி பலகையை இறக்கித் தோழப்பரை ஏற்றும்போது அவர் நழுவி விழுந்து பரமபதம் அடைந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். பிரகலாதனைக் கட்டிக் கடலில் எறிந்து மேலே மலைகளை அடுக்கினார்களே, அவன் மீளவில்லையா? ஆழ்வார் திருமுன்பே நின்ற தோழப்பர் ஏன் மீளவில்லை? இதற்கு எளிதான விடை சொல்லித் தப்பிக்க எமக்கு மனமில்லை. எம்பெருமான் அருகிருந்தால் அபாயம் அணுகாது என்று சொல்பவர்கள் கூரத்தாழ்வானை நினைக்க வேண்டும். எம்பெருமானாருக்குப் பதிலாகச் சோழனின் அவைக்குச் சென்ற அம்மகானுபாவர் கண்களை இழந்தே திரும்பினார். அவருக்கு எம்பெருமான் தொலைவில் இருந்தான் என்று சொல்ல எவருக்கு நா எழும்?

நம் பூர்வர்கள் இதை வேறு வழியாகப் பார்த்தார்கள். மதுரையில் யானைமீது பவனி வந்த பெரியாழ்வாருக்கு எம்பெருமான் கருடாரூடனாய் வானத்தில் காட்சி தந்தான். கண்டவர் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை அழகுக்குக் கண்ணெச்சில் பட்டுவிடுமோ என்று அஞ்சி அவனுக்கே பல்லாண்டு பாடினார். காப்பவனைக் காக்க நினைக்கும் இம்மனநிலையைப் பரிவு என்பர். ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளைலோகாசாரியர் இதை விரித்தருளுகிறார். ஏட்டில் எழுதியதோடு நில்லாமல் நம்பெருமாளோடு காட்டுவழி நடந்தும் காட்டினார். ஸந்நிதியில் நிற்பவனுக்கு அச்சம் அடியோடு தொலைவதில்லை. தனக்கு என்ன ஆகுமோ என்பது, அவனுக்கு என்ன ஆகுமோ என்று மாறிவிடுகிறது. பள்ளத்தின் விளிம்பில் நின்ற தோழப்பருக்குத் தம் உயிரைப்பற்றி எண்ண நெஞ்சில் இடம் ஏது? ஆழ்வார் தனியே கிடக்கிறாரே என்பதன்றோ அங்கே நிறைந்திருந்தது! வெறும் வீரம் பேசி அவரைப் புகழ்வது அவரைக் குறைத்துப் பேசுவதேயாகும்.

தந்தையை இழந்து அழுத மகனுக்கு, இனி நாமே உனக்குத் தந்தை என்று ஆழ்வார் அருளியதாகவும் வரலாறு சொல்லுகிறது. உயிரைத் திருப்பித் தரவில்லை, தம்மையே தந்தார்.

பிற்பாடு திருவாய்மொழிப்பிள்ளை காடடர்ந்து கிடந்த திருக்குருகூரைத் திருத்தி, ஊர் எடுத்து, திருக்கணாம்பியில் எழுந்தருளியிருந்த ஆழ்வாரை மீண்டும் கொண்டுவந்து எழுந்தருளப்பண்ணினார். வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் திருநாளிரவில் நவதிருப்பதி எம்பெருமான்கள் ஒன்பதின்மரும் கருடன்மீது எழுந்தருள, ஆழ்வார் அன்ன வாகனத்தில் சேவை ஸாதிக்கிறார். தீவட்டி ஒளியில், நெரிசலுக்கிடையே அடியார்கள் எம்பி எம்பிச் சேவிக்கும் அத்திருமேனிதான் அன்று தோழப்பர் தம் கைகளால் தூக்கிப் பலகையில் ஏற்றிவைத்தது.