மேம்படுத்திய பின் முடங்கும் பழைய கணினி: குறையைக் கண்டறிவது எப்படி?

விண்டோஸ் 7 இயக்க அமைப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் 4 ஜிபி ரேமும் தேவை. பத்தாண்டுகளைக் கடந்த கணினிகள் பெரும்பாலும் இந்தத் தகுதியைப் பெறுவதில்லை. ஆகவே, எங்கள் பள்ளி ஆய்வகத்தில் விண்டோஸ் 7 இருந்த பழைய கணினிகளை லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றினோம்.

மாற்றிய சில நாட்களில் மூன்று கணினிகள் தடுமாறின. ஒன்று வேலையின் நடுவே உறைந்து நின்றது. இன்னொன்று ஒரு கோப்பைத் திறக்கவே சில நிமிடங்கள் எடுத்தது. மூன்றாவதில் இணைய இணைப்பு இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை. "பழைய இயந்திரம், புதியதைத் தாங்கவில்லை, கழிவுப் பட்டியலில் சேர்த்துவிடலாம்" என்றே பலரும் கூறினர். சோதித்துப் பார்த்ததில் மூன்றுக்கும் வெவ்வேறு காரணங்கள் இருந்தன. மூன்றையும் சரிசெய்ய முடிந்தது. ஆய்வகத்தில் ஒரு கணினி குறைந்தால் செய்முறை வகுப்பில் மாணவர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறைகிறது. எனவே கழிப்பதற்கு முன் சோதிப்பது அவசியம்.

மேம்படுத்திய பிறகு குறை ஏன் தெரிகிறது?

புதிய இயக்க அமைப்பு வன்பொருளைக் கெடுப்பது அரிது. முன்பே இருந்த குறையை அது வெளியே கொண்டுவருகிறது. பழைய அமைப்பு ரேமில் ஒரு பகுதியை மட்டுமே பெரும்பாலும் பயன்படுத்தியிருக்கும். புதியது கூடுதல் இடத்தைக் கேட்கும்போது, அதுவரை தொடப்படாத பழுதான பகுதியும் பயன்பாட்டுக்கு வருகிறது. நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கில் பல ஜிபி அளவுக்குப் புதிதாக எழுதப்படுவதால், அங்குள்ள பலவீனமான பகுதிகளும் தெரியவருகின்றன. செயலிக்கு வேலை கூடுவதால் வெப்பமும் கூடுகிறது.

தொடங்கும் முன்

முதலில் மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு போன்ற கோப்புகளை வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். சோதனையின்போதே ஹார்ட் டிஸ்க் நின்றுவிடலாம். பெட்டியைத் திறக்குமுன் உத்தரவாதமும் பராமரிப்பு ஒப்பந்தமும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்துத் தலைமையாசிரியரின் அனுமதி பெறுங்கள்.

அடுத்து, நிறுவிய அன்றே முடிவுக்கு வரவேண்டாம். முதல் சில மணி நேரம் இயக்க அமைப்பு பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கும், கோப்புகளையும் பட்டியலிடும். அந்த வேகக்குறைவு தானாகவே நீங்கும். அதன் பிறகும் குறை நீடித்தால், எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

முதல் சோதனை: மென்பொருளா, வன்பொருளா?

லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம். இதில் ஹார்ட் டிஸ்க்கின் தேவை இல்லை. பென்டிரைவில் இயங்கும்போது குறை மறைந்தால், ஹார்ட் டிஸ்க்கையோ நிறுவப்பட்ட மென்பொருளையோ சந்தேகிக்கலாம். அப்போதும் உறைந்து நின்றால் ரேம், வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒலி வரவில்லை, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பன போன்ற குறைகளுக்கு டிரைவர் மென்பொருள் இல்லாததே பெரும்பாலும் காரணம். பாகம் நன்றாகவே இருக்கும்.

ரேம் சோதனை

மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கலாம். விண்டோஸ் கணினியாக இருந்தால் தேடல் பெட்டியில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் அதற்கான கருவி கிடைக்கும். பழைய கணினியில் சோதனை முடிய நேரமாகும். மின்தடை இல்லாத நாளில், குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். ரேமில் 'சிறிய பிழை' என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைக் கவனிக்க வேண்டும்.

பிழை வந்தால் மின்இணைப்பைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிய பின் ரேமைக் கழற்றுங்கள். அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் பொருத்திச் சோதியுங்கள். இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பட்டையை மாற்றினாலும் பிழை அதே இடத்தில் தொடர்ந்தால் குறை பட்டையில் இல்லை. அந்தச் செருகுமிடத்தில் இருக்கலாம். எங்கள் முதல் கணினியில் ஒரு பட்டை மட்டுமே பழுதாகியிருந்தது.

ஹார்ட் டிஸ்க் சோதனை

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்கிறது. இதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். லினக்ஸ் மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து, பட்டியலில் ஸ்மார்ட் தரவைத் தேர்ந்தால் எண்களுடன் ஓர் அட்டவணை வரும். அதில் மூன்று வரிசைகளைப் பார்த்தால் போதும்.

எண் 5: பழுதாகி, மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை.
எண் 197: படிக்க முடியாமல், முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை.
எண் 199: தரவு கடந்து வரும்போது ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை.

முதல் இரண்டும் பூஜ்யமாக இருப்பது நல்லது. ஒரு வாரத்தில் அவை கூடிக்கொண்டே போனால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். மூன்றாவது மட்டும் கூடினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். எங்கள் இரண்டாவது கணினியில் கூடியது எண் 197. அதில் எஸ்எஸ்டி பொருத்தியபின் வேகமும் நன்றாகக் கூடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் கணிசமான பகுதி ஸ்மார்ட் முன்னெச்சரிக்கை ஏதுமின்றியே நின்றுபோனது தெரியவந்தது. ஸ்மார்ட் அட்டவணை நன்றாக இருந்தாலும் நகலெடுப்பதை நிறுத்தக் கூடாது.

வெப்பமும் மின்சாரமும்

இயக்கிய சிறிது நேரம் கழித்து, வேலைப்பளு கூடும்போது மட்டும் கணினி நின்றால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். நம் ஊர்க் கோடையில், தூசு அடைத்த விசிறியுடன் ஓடும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் அல்லது அணைந்துவிடும். விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு தூசை ஊதி அகற்றுங்கள். காய்ந்துபோன வெப்பக் களிம்பைப் புதுப்பியுங்கள். மதர்போர்டில் தலைப்பகுதி உப்பிய மின்தேக்கிகள் இருந்தால் அவையும் கணினி நின்றுபோகக் காரணமாகலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

மூன்றாவது கணினியின் கதை எளியது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததால், அணைத்து இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. தேதி தவறானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். 3 வோல்ட் பேட்டரி ஒன்றை மாற்றியதும் எல்லாத் தளங்களும் திறந்தன.

வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம்

வன்பொருளையும் இயக்க அமைப்பையும் பாடத்தில் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கு இது நல்லதொரு செயல்பாடு. நால்வர் கொண்ட குழுவிடம் ஒரு கணினியைக் கொடுத்து, 'அறிகுறி, ஊகம், சோதனை, முடிவு' என்ற நான்கு பத்திகளில் எழுதச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பதே விதி. ரேமையும் கேபிளையும் ஒன்றாக மாற்றினால் கணினி சரியாகலாம். ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போகும். இதை மாணவர்களே விரைவில் உணர்ந்துகொள்கிறார்கள். மின்இணைப்பைத் துண்டிப்பதும் பெட்டியைத் திறப்பதும் ஆசிரியரின் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சோதித்த தேதி, ஸ்மார்ட் எண்கள், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதி இருப்புப் பதிவேட்டுடன் வைத்துவிட்டால், அடுத்து வரும் ஆசிரியருக்கு வேலை பாதியாகக் குறையும். உண்மையிலேயே ஒரு கணினியைக் கழிக்க வேண்டி வந்தால், அதற்கான காரணமும் அந்தப் பக்கத்திலேயே எழுத்தில் இருக்கும்.