கணினி அமைப்பு மாறும்போது நோயாளிகள் அறிய வேண்டியவை

மருத்துவமனையில் ஒருவரின் பெயர் பதியப்பட்ட நேரம் முதல் அவரைப் பற்றிய குறிப்புகள் சேரத் தொடங்குகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, எடுத்த படங்கள், கொடுத்த மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் என அவை ஆண்டுதோறும் பெருகும். முன்பு இவை காகிதக் கோப்புகளில் இருந்தன. இன்று பெரும்பாலும் கணினியில் உள்ளன. கணினியும் ஒரு கருவியே ஆதலால் அதற்கும் மூப்பு உண்டு. பழைய அமைப்பை நீக்கிப் புதியதை நிறுவ வேண்டிய நிலை எந்தச் சுகாதாரத் துறைக்கும் ஒரு நாள் வந்தே தீரும். அப்போது நோயாளிகளும் உடனிருப்போரும் கேட்கும் முதற்கேள்வி, “எங்கள் பழைய குறிப்புகள் அழிந்துவிடுமா?” என்பதாகும். இக்கேள்வி நியாயமானதே. ஆயினும் நடந்தவற்றை ஆராய்ந்தால், பெரிய இடர் பழைய குறிப்புகளில் மட்டும் இல்லை, மருத்துவர் இன்று எழுதும் உத்தரவிலும் இருக்கிறது என்பது புலப்படும்.

இதனைக் கற்பதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை ஆகும். அங்கு நடந்தவை அரசுத் தணிக்கையாளர்களால் விசாரிக்கப்பட்டு வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. 170க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை நடத்தும் அத்துறை, ‘விஸ்டா’ என்னும் கணினி அமைப்பைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது. 1970களின் இறுதியில் துறையின் மருத்துவர்களும் நிரலாளர்களுமே ஒன்றுகூடி அதனை உருவாக்கத் தொடங்கினர். அது எழுதப்பட்ட கணினி மொழி 1960களில் பாஸ்டன் நகரின் ஒரு மருத்துவமனையில் பிறந்தது. அதன் பெயர் ‘மம்ப்ஸ்’. நாம் பொன்னுக்கு வீங்கி என்று அழைக்கும் நோய்க்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்!

பழைய அமைப்பு என்றவுடன் பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. 1992இல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் பணியாற்றிய சூ கின்னிக் என்னும் செவிலியர், வாடகைக் கார் நிறுவன ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் கோட்டுக் குறியீட்டைப் படித்துக் காரைத் திரும்பப் பெறுவதைக் கண்டார். ஒரு காரைப் பிழையின்றி அடையாளம் காண முடியுமானால், ஒரு நோயாளிக்குரிய மருந்தையும் அவ்வாறே காணலாமே என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்து உறையையும் படித்து, இரண்டும் பொருந்தினால் மட்டுமே மருந்து கொடுக்கும் முறை அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது. பின்னர் விஸ்டாவின் பகுதியாகவே ஆயிற்று. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, பிற இடங்களில் காகிதக் கோப்புகள் நீரில் அழிந்தன. படைவீரர்களின் குறிப்புகளோ அவர்கள் தஞ்சம் புகுந்த ஊர்களின் மருத்துவமனைகளில் கணினி வழியே கிடைத்தன.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டதால், ஒரே பெயரில் ஏறத்தாழ 130 வெவ்வேறு விஸ்டாக்கள் உருவாகிவிட்டன. பழைய மொழியில் தேர்ந்த நிரலாளர்கள் குறைந்து வந்தனர். இராணுவத்தின் மருத்துவப் பதிவு வேறொரு அமைப்பில் இருந்ததால், பணியிலிருந்து விடுபட்ட வீரரின் முழு வரலாறும் அவருடன் எளிதில் வந்து சேரவில்லை. இக்காரணங்களால் 2018 மே மாதம் செர்னர் என்னும் நிறுவனத்துடன் பத்தாண்டுகளுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. (அந்நிறுவனத்தை 2022இல் ஆரக்கிள் வாங்கியது.) மாற்ற முடிவு செய்ததில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இடர், மாற்றிய விதத்தில் இருந்தது.

2020 அக்டோபர் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் புதிய அமைப்பு முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. அங்கு நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இதய நிபுணரின் ஆலோசனை, மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை என மருத்துவர் எழுதும் ஒவ்வொரு உத்தரவும் ஓர் இடத்திற்குச் சென்றடைய வேண்டும். கணினியில் அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த உத்தரவுக்குப் பொருந்தாத இடமும் தேர்வாகிவிடலாம். அத்தகைய நிலையில் ஒரு நல்ல அமைப்பு, ‘இது செல்லவில்லை’ என்று உடனே அறிவிக்க வேண்டும். முகவரி பொருந்தாத கடிதம் அனுப்பியவருக்கே திரும்புவது போன்றதுதான் அது. புதிய அமைப்போ அவ்வாறு அறிவிக்கவில்லை. உத்தரவை ஏற்றுக்கொண்டதுபோலத் திரையில் காட்டிவிட்டு, ‘அறியப்படாத வரிசை’ எனப்பட்ட ஒரு மூலையில் அதனைச் சேர்த்து வைத்தது. அப்படி ஒரு வரிசை இருப்பதே அமைப்பைப் பயன்படுத்திய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தெரிவிக்கப்படவில்லை.

துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020 அக்டோபர் முதல் 2021 ஜூன் வரை 11,000க்கும் மேற்பட்ட உத்தரவுகள் இவ்வாறு திசைமாறின. அவற்றை ஆராய்ந்தபோது, நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த 149 நிகழ்வுகள் கண்டறியப்பட்டன. அவர்களுள் ஒருவர் வீடற்றவர். மனநல மருத்துவரை அவர் மீண்டும் சந்திப்பதற்கான உத்தரவு அந்த வரிசைக்குள் போய்விட்டதால் அச்சந்திப்பு நிகழவேயில்லை. சில வாரங்களுக்குப் பின், தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மேலிட்ட நிலையில், அவர் உதவித் தொலைபேசியை அழைத்தார், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உத்தரவு எழுதிய மருத்துவர் அது சென்றுவிட்டதாக எண்ணியிருப்பார். பரிசோதனை செய்ய வேண்டிய ஆய்வகத்திற்கோ அப்படி ஓர் உத்தரவு இருப்பதே தெரியாது. இருவரும் தத்தம் கடமையில் குறை வைக்கவில்லை. ஆனால் காரியம் நடக்கவில்லை. ‘மருத்துவர் சொன்னார், இன்னும் யாரும் அழைக்கவில்லை’ என்னும் இரண்டு செய்திகளையும் ஒருங்கே அறிந்தவர் நோயாளியும் அவருடன் இருப்பவரும் மட்டுமே. ஆகவே அமைப்பு மாறும் காலத்தில் ‘அவர்களே கூப்பிடுவார்கள்’ என்று காத்திருத்தல் ஆகாது. மருத்துவரின் அறையை விட்டு வெளியேறும் முன்பே, என்னென்ன செய்யச் சொல்லப்பட்டது, எங்கே, எத்தனை நாளுக்குள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. அந்த நாள் கடந்தும் அழைப்பு வரவில்லையெனில் நேரில் சென்றோ தொலைபேசியிலோ கேட்கவேண்டும். ‘எங்கள் உத்தரவு உங்களிடம் வந்திருக்கிறதா?’ என்று ஆய்வகத்திடமே கேட்பது, ‘முடிவு வந்துவிட்டதா?’ என்று மருத்துவரிடம் கேட்பதைவிடப் பயன் தரும். இவ்வாறு கேட்பதைத் தொந்தரவாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

அடுத்து மருந்துப் பட்டியல். பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மருந்துகளை மாற்றுவது, ஒரு பாத்திரத்து நீரை மற்றொன்றில் ஊற்றுவது போன்ற செயலன்று. பழையதில் வணிகப் பெயரால் இருந்த மருந்து, புதியதில் வேறொரு குறியீட்டால் அறியப்படும். ‘காலை அரை, இரவு ஒன்று’ என்று சொற்களால் எழுதப்பட்ட அளவு, எண்களை மட்டுமே ஏற்கும் கட்டத்திற்குள் அடங்காது. எப்போதோ நிறுத்தப்பட்ட மாத்திரை மீண்டும் உயிர்பெற்றுப் பட்டியலில் தோன்றுவதும் உண்டு. படைவீரர் நலத்துறையில் இவ்விடரும் நேர்ந்தது. புதிய அமைப்புள்ள மருத்துவமனையில் எழுதப்பட்ட மருந்து, ஒவ்வாமைச் செய்திகள், பழைய அமைப்புள்ள மருத்துவமனைகளுக்குப் பிழையாகச் சென்றிருக்கக்கூடும் எனவும், ஏறத்தாழ 2,50,000 பேருக்கு இவ்வாபத்து தெரியாமலே இருக்கலாம் எனவும் 2024 மார்ச் மாத அறிக்கை ஒன்று எச்சரித்தது.

ஆகவே புதிய அமைப்பு வந்தபின் செல்லும் முதல் வருகையில், மருந்துச் சீட்டை மட்டுமன்றி மருந்துகளையே ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்வது நன்று. வெளிக்கடையில் வாங்கிய வலி மாத்திரை, சித்த மருந்து, வேறு மருத்துவர் தந்த தைலம் ஆகிய எல்லாம் அப்பையில் இருக்கட்டும். ஒவ்வாமையைப் பற்றிக் கூறும்போது, ‘அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்பதோடு நில்லாமல், அப்போது நிகழ்ந்தது தடிப்பா, வாந்தியா, மூச்சுத் திணறலா என்பதையும் சொல்லுங்கள். வாந்தி வந்ததற்கும் மூச்சு அடைத்ததற்கும் மருத்துவர் எடுக்கும் முடிவு வேறு வேறாகும்.

நம் மக்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவதா, பின்னால் இடுவதா? ஓரிடத்தில் ‘மு. செல்வி’, மற்றோரிடத்தில் ‘செல்வி முருகன்’, ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால், கணினி அவரை இரண்டு பேராகக் கொள்ளக்கூடும். பிறந்த நாள் தெரியாத முதியோர் பலருக்கு ஜனவரி 1 என்று பதியப்பட்டிருக்கும். அது மேலும் குழப்பத்தை விளைவிக்கும். ஒரு பதிவில் ஒவ்வாமை, மற்றொன்றில் அறுவைச் சிகிச்சை என்று ஒருவரின் வரலாறே பிளந்துவிடும். பதிவு முகப்பில் ஊழியர் பெயரையும் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிப்படையாமல் விடை தருக. பழைய நோயாளி எண்ணையும் மறவாமல் காட்டுக.

ஆபா எண் பெற்றிருப்போர், எல்லாக் குறிப்புகளும் தாமாகவே வந்துவிடும் என்று நம்புவதைக் காண்கிறோம். அந்தப் பதினான்கு இலக்க எண் ஓர் இணைப்பே. சேமிப்புக் கிடங்கு அன்று. குறிப்புகள் எந்த மருத்துவமனையில் உருவாயினவோ அங்கேயே இருக்கும். நீங்கள் இசைவு தந்த பின்னரே மற்றோரிடத்தில் காண இயலும். அம்மருத்துவமனை இணைக்காத பழைய அறிக்கை எதுவும் அவ்வெண்ணால் கிடைக்காது.

மாற்றத்தின் முதல் வாரங்களில் வரிசை நீளும். மருத்துவரின் கண் உங்களைவிடத் திரையையே அதிகம் நோக்கும். வெளியூரிலிருந்து வருவோர் அதற்கேற்ற நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

படைவீரர் நலத்துறை, மேலும் சில ஊர்களில் புதிய அமைப்பை நிறுவியபின், 2023 ஏப்ரலில் பணியை நிறுத்திவைத்துத் திருத்தங்களில் இறங்கியது. 2024 மார்ச்சில் இராணுவத்துடன் இணைந்து நடத்தும் வட சிகாகோ மருத்துவமனையில் மட்டும் அது தொடங்கப்பட்டது. 2026இல் மிச்சிகன் மாநில மருத்துவமனைகளில் பணியைத் தொடரப்போவதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. ஓர் அமைப்பை மாற்றுவது ஓரிரவுச் செயலன்று. பழையதும் புதியதும் அருகருகே இயங்கும் காலம் ஆண்டுகளாகவும் நீளலாம்.

அத்தகைய காலத்தில் உங்கள் கையில் ஒரு நகல் இருப்பது பேருதவியாகும். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காத்து வைத்தல் வேண்டும். நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்ட உடனிருப்பவரோ கேட்டால், 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைத் தருதல் வேண்டும். மூன்றாண்டுக்கு முற்பட்டவை புதிய கணினிக்கு மாற்றப்படாமலே போகலாம் என்பதால், பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, திசுப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை முதலில் கேட்டுப் பெறுக. விண்ணப்பத்தில் நோயாளி எண்ணையும் சேர்க்கப்பட்ட தேதியையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.