மனத்தில் எழுவதெல்லாம் விருப்பமா?

கை கழுவக் குழாயடிக்குப் போனவர் ஒரு மணி நேரமாகியும் திரும்பாவிட்டால், அவரை ஆசாரசீலர் என்று மெச்சுவதும், கிறுக்கர் என்று நகைப்பதும் நம்மிடையே வழக்கமாக இருக்கின்றன, இரண்டுமே தவறு. சுத்தத்தில் பிரியமுள்ளவருக்குக் கழுவி முடித்ததும் திருப்தி உண்டாகிறது. வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வருத்தும் எண்ணச் சுழற்சி நோய் கண்டவரோ, இது அர்த்தமற்றது என்று பெரும்பாலும் தாமே அறிந்திருந்தும், தோல் வெடித்த பின்னரும் நிறுத்த மாட்டாமல் தவிக்கிறார்.

இதனினும் கொடியது, மனத்தில் தோன்றும் நினைவெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும் விருப்பமே என்ற நம்பிக்கை. குழந்தையைக் குளிப்பாட்டுகையில் நீரில் அமுக்கிவிடுவேனோ என்று திடுக்கிடும் தாயும், சந்நிதியில் ஆபாச நினைவு மின்னிய பக்தனும், தம்மை மகாபாவிகளென்று கருதி, வருஷக்கணக்கில் எவரிடமும் வாய் திறவாதிருக்கிறார்கள். 1978-இல் ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையில் பிறந்த பத்மல் த சில்வாவும் ஆராய்ந்து வெளியிட்டபடி, நோயற்றவர்களில் பெரும்பாலோருக்கும் இத்தகைய நினைவுகளே வருகின்றன. அவர்களுக்கு அவை எளிதில் கலைந்துவிடுகின்றன, நோயாளிக்கோ அடிக்கடி வந்து, நெடுநேரம் நின்று வதைக்கின்றன. அந்தத் தாய் நடுங்குவதே, அந்நினைவு அவள் இயல்புக்கு விரோதமானது என்பதற்குச் சாட்சியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தீராத வியாதி என்பதும் பொய்யே. வைத்தியர்களே பெரிதும் நம்பிக்கை இழந்திருந்த காலத்தில், லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஓயாது கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை, அவள் அஞ்சிய பொருள்களைத் தொடச் செய்து, அறையின் குழாய்நீரையும் நிறுத்தி, செவிலியர் துணையிருக்க, அச்சம் தானே தணியும் என்பதை அனுபவத்தில் காணச் செய்தார். இன்றைய சிகிச்சையின் மூலம் அதுவே. இப்போது நோயாளியின் இசைவோடு படிப்படியாக நடைபெறுகிறது. மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் ரசாயனம் சார்ந்த மருந்துகளும் உதவுகின்றன. ஆயினும் பலன் தெரிய 10, 12 வாரங்களாகலாம் என்பதை அறியாமல், பதினைந்தாம் நாளே மாத்திரையைக் கைவிடுவோர் பலர்.

வீட்டாரின் பரிவும் இந்நோய்க்குத் தீனியாகிவிடுவதுண்டு. “கதவைப் பூட்டினேனா?” என்று இருபதாம் முறை கேட்கும் மனைவிக்கு, “பூட்டிவிட்டாய்” என்று பரிவோடு பதில் சொல்லும் கணவர், தாம் நன்மை செய்வதாகவே எண்ணுகிறார், அந்தப் பதிலோ சில நிமிஷ நிம்மதியைத் தந்து, இருபத்தோராம் கேள்விக்கு வித்திடுகிறது. ஆகவே, நல்ல சிகிச்சையாளர் அவரையும் உடன் அமர்த்தி, அந்தப் பதிலை எவ்வாறு மெல்லக் குறைப்பது என்று மனைவியின் சம்மதத்தோடேயே திட்டம் வகுக்கிறார்.